இன்னாசியின் நடை

நன்றி சொல்லிச் சொல்லி மாரிக்கனிக்கு வாய் புளித்துப் போயிருந்தது. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அம்மாவின் மகள். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள். உதவித்தொகை கொடுத்தவருக்கு மேடையேறி நன்றி. ஹாஸ்டலில் இடம் போட்ட வார்டனுக்கு நன்றி. வேலைக்கு எடுத்த மேனேஜர் ரகோத்தமனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நன்றி. ஒவ்வொரு நன்றிக்கும் முதுகைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. இனி வளைப்பதற்கு முதுகு மிச்சமில்லை என்று ஒருநாள் முடிவு செய்து, நிறுத்திவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று ஆபீசில் பெயர். அவள் அதையும் மறுக்கவில்லை.

அப்படிப்பட்டவள் யாரும் கேட்காமல், மனசு நிறைந்து நன்றி சொன்னது ஒரு கார் அலாரத்தைப் பழுது பார்க்கப் போன இடத்தில்.

அந்தக் காலத்தில் கார்கள் தொட்ட பிறகு கத்துவதில்லை. தொடுவதற்கு முன்பே கத்தின. 'முன்காவல்' என்று அந்தக் கருவிக்குப் பெயர். பம்பருக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன சென்சார்கள், காரை நோக்கி வருகிறவரின் நடையைப் படிக்கும். தோள் எப்படி இருக்கிறது, கால் எங்கே தயங்குகிறது, எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறார் என்பதையெல்லாம் வைத்து, வருகிறவர் சொந்தக்காரரா, வழிப்போக்கரா, திருடனா என்று முடிவு செய்யும். திருடன் என்று தோன்றினால் தெருவே எழுந்து நிற்கிற மாதிரி ஊளையிடும். இன்ஷூரன்ஸ்காரர்கள் சலுகை கொடுத்தார்கள் என்று கோயம்புத்தூரில் பாதிக் கார்களுக்கு மேல் அதைப் பொருத்தியிருந்தார்கள். தானாக ஓடுகிற கார் நம் ஊர் ரோட்டுக்கு இன்னும் பழகாததால் டிரைவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களைப் பார்க்கிற பார்வை மாறிப்போயிருந்தது.

வடவள்ளியில் ஒரு கேட் போட்ட காலனி. வீட்டுக்காரம்மா ருக்குமணி, கணவர் போன பிறகு கணபதியில் கிரைண்டர் கம்பெனியைத் தனியாளாக நடத்துகிறவர். அறுபதை நெருங்கும் வயது, வெங்கலக் குரல். முன்காவல் கம்பெனி இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு மாரிக்கனி பையோடு உள்ளே நுழைந்ததும் செருப்பை அங்கேயே கழற்றச் சொன்னார். சரி, இங்கேயும் இந்தக் கதைதான் என்று மாரிக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். அதற்குள் அந்தம்மாவும் தன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு கார் பக்கம் நடந்தார்.

"உங்க கம்பெனியில இருந்து ரெண்டு பேரு வந்து பார்த்துப்போட்டு, டிரைவர மாத்துங்கன்னு சொல்லீட்டுப் போயிட்டாங்க" என்றார். "டிரைவர மாத்தறதுக்கு இன்ஜினியரு எதுக்குங் கண்ணு?"

மாரிக்கனியிடமும் கம்பெனி அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தது. ஒரே ஆளைப் பார்த்து அலாரம் திரும்பத் திரும்பக் கத்தினால், அந்த ஆளை வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி வாடிக்கையாளரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பயிற்சியில் அதைக் கேட்டபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்த்துக் கேட்டாள், உனக்கெல்லாம் வேலை கொடுத்ததே பெரிசு என்கிற முகத்தோடு ரகோத்தமன் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

டிரைவர் கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெயர் இன்னாசி. வத்தலக்குண்டுக்காரர். ஐம்பது வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ருக்குமணி விஷயத்தைச் சொன்னார். இன்னாசி தெருவில் நடந்து வந்தால் இந்தக் கார் மட்டுமில்லை, வழியில் நிற்கிற கார்களும் ஒவ்வொன்றாக ஊளையிடுகின்றன. காலனிச் சங்கச் செயலாளர் முரளிதரன் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். இன்று சாயங்காலத்துக்குமேல் அந்த ஆளை கேட்டுக்குள் விட மாட்டோம், ஒரு கார் கத்தினால் பழுது, எல்லாக் காரும் கத்தினால் ஆள்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"இன்னாசி, உள்ள வாங்க" என்று ருக்குமணி கூப்பிட்டார்.

அவர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மெதுவாக. காருக்குக் கொஞ்சம் தூரத்தில் வந்ததுமே அது வீறிட்டது. அவர் அப்படியே நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினார். யாரும் அவரைக் காட்டச் சொல்லவில்லை. பழக்கமாகிவிட்டது.

மாரிக்கனி பையைத் திறந்தாள். அலாரம் காரணமில்லாமல் கத்தினால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. மீட்டரை வைத்துப் பார்த்தாள், நல்ல பலத்தோடு இருந்தது. பானெட் சுவிட்சில் துரு ஏறியிருந்தால் மூடியிருக்கிற பானெட்டைத் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கத்தும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். கதவு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ரிமோட்டில் புது செல் போட்டாள். பிறகு தரையில் படுத்து முன் பம்பருக்குள் டார்ச் அடித்தபோது, ஒரு சென்சாரின் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது தெரிந்தது.

இதுதான் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். குளவிக்கூட்டால் ஒரு மனுஷன் திருடனாகிவிட்டான் என்றால், குளவியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சுரண்டி எடுத்து, துடைத்து, மறுபடி மாட்டினாள். இன்னாசியை வரச் சொன்னாள்.

கார் கத்தியது.

அவள் நடந்து பார்த்தாள். கார் சும்மா இருந்தது. வாட்ச்மேனை நடக்கவிட்டாள், சும்மா இருந்தது. இன்னாசியைச் சட்டை மாற்றி, பை கொடுத்து, குடை பிடித்து, வெறுங்காலோடு வரச் சொன்னாள். விடவில்லை. கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது: 'தெரிந்தவர்' பட்டியலில் இன்னாசியைச் சேர்ப்பது. சேர்த்துவிட்டால் அந்த ஆளின் நடைக்குக் கார் வாயைத் திறக்காது. அதையும் செய்தாள். கருவி ஏற்க மறுத்தது. அப்படி ஒரு மறுப்பை அவள் பார்த்ததே இல்லை.

அதற்குள் பொறுமை இழந்த ருக்குமணி, "அவர் நடக்கறதுல அப்படி என்னதான் இருக்குது, நான் நடந்து காட்டறன் பாருங்" என்று கிளம்பினார். முந்தானையைச் செருகிக்கொண்டு, தோளைக் குறுக்கி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து, காருக்குச் சற்று முன்னால் நின்று, குனிந்து அடியில் பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் காலால் தட்டி, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அச்சு அசலாக இன்னாசி. வாட்ச்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். காசு கொடுத்து வாங்கிய கார், சொந்தக்காரியைப் பார்த்து ஊரைக் கூட்டியது.

"நான் அப்படியாம்மா நடக்குறேன்?" என்று இன்னாசி கேட்டார். அன்று அவர் முதல்முதலாகப் பேசியது அதுதான்.

ஏன் காரைச் சுற்றி வருகிறீர்கள் என்று மாரிக்கனி கேட்டாள். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. வண்டி எடுப்பதற்கு முன்னால் சுற்றி வராமல் எப்படி எடுப்பது? அடியில் பூனை படுத்திருக்கும், நாய்க்குட்டி இருக்கும், பிள்ளைகள் பந்தை விட்டிருக்கும். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? லாரி ஓட்டின காலத்திலிருந்து அப்படித்தான். அவருடைய செட்டுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான்.

மாரிக்கனி ஓரமாகப் போய்ச் சென்னைக்குப் போன் போட்டாள். அங்கே கம்பெனியின் தகவல் பிரிவில் ஷப்னம் இருந்தாள். ஒரே பேட்ச், ஒரே ஹாஸ்டல் அறை. கருவி ஏன் ஒரு ஆளைத் தெரிந்தவராகச் சேர்க்க மறுக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஷப்னம் திரும்பக் கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

முன்காவலுக்குத் திருடன் என்றால் யார் என்று முதன்முதலில் கற்றுக்கொடுக்கச் சில நடைகளைப் பதிவு செய்திருந்தார்கள். மூல நடைகள் என்று பெயர். அவற்றோடு ஒத்துப்போகிற யாரையும் தெரிந்தவராகச் சேர்க்க முடியாது. சேர்க்க முடிந்தால் திருடனே தன்னைச் சேர்த்துக்கொண்டு போய்விடுவானே என்பது கம்பெனியின் யோசனை. அதுவரை மாரிக்கனிக்கும் தெரியும். தெரியாதது அதற்கு அடுத்தது.

"கனி, அவரு நடை மூல நடை மாதிரி இல்லடி" என்றாள் ஷப்னம். "மூல நடையே அவருதான்."

மாரிக்கனி திரும்பி வந்து, இன்னாசிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். எப்போதாவது, எங்கேயாவது, யாராவது காரைத் திருடுகிற மாதிரி நடந்து காட்டச் சொன்னார்களா என்று கேட்டாள்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம். வேலையில்லாமல் இருந்த காலம். சூலூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் ஏதோ ஷூட்டிங், டிரைவர்கள் வேண்டும் என்று ஸ்டாண்டில் வந்து கூப்பிட்டார்கள். பிரியாணியும் கூலியும் கொடுத்தார்கள். மைதானம் நடுவில் ஒரு கார். திருடன் மாதிரி போய்க் கதவைத் திறங்க என்றார்கள்.

"திருடன் எப்படி நடப்பான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? கேட்டேன். சும்மா வழக்கம்போல காருக்கிட்டப் போங்க, சுத்தும் முத்தும் பாருங்கன்னாக. நானும் வழக்கம்போல போனேன். குனிஞ்சு பார்த்தேன், சுத்தி வந்தேன், டயரத் தட்டினேன். எல்லாரும் கை தட்டுனாக. இவருதான் இயற்கையா பண்றாருன்னு என்னைய மட்டும் திரும்பத் திரும்ப நடக்கவிட்டாக. கூட வந்த பயலுகளும் என்னையப் பார்த்து அப்படியே செஞ்சாங்க."

சொல்லி முடித்துவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. காரைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

வண்டியை ஒழுங்காக எடுக்கத் தெரிந்த ஒருவர், தனக்குத் தெரிந்த ஒழுங்கைச் செய்து காட்டியிருக்கிறார். அதைப் படம் பிடித்தவர்களில் ஒருவன்கூட வாழ்க்கையில் காருக்கு அடியில் குனிந்து பார்த்தவன் இல்லை. அவர்களுக்கு அது திருட்டு முழியாகத் தெரிந்திருக்கிறது. அதைக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்து, கருவி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு முழுக்க, வண்டியைச் சுற்றி வந்து எடுக்கிற ஒவ்வொரு டிரைவரைப் பார்த்தும். மாரிக்கனிக்குக் காதுக்குள் சூடு ஏறியது.

இன்னாசி பிறகு பேசியதெல்லாம் மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது. இதற்கு முன்னால் இரண்டு வீட்டில் வேலை போனது. ஒரு தரம் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். சோப்பை மாற்றினார், மீசையை எடுத்தார், மருந்து மாத்திரை வாடையோ என்று மாத்திரையைக்கூட நிறுத்திப் பார்த்தார். மெஷின் பொய் சொல்லாது என்று மச்சானே சொன்னானாம்.

"பாவசங்கீர்த்தனம் பண்ண மாதா கோயிலுக்குப் போனேம்மா. பாதர் முன்னால முட்டி போட்டேன். என்ன பாவம்னு சொல்றதுன்னு தெரியல. எனக்குள்ள ஏதோ இருக்கு, எனக்குத்தான் தெரியலன்னு நினைச்சு அழுதுட்டு வந்துட்டேன்."

ருக்குமணி உள்ளே போய் மூன்று டம்ளர் காப்பி கொண்டுவந்தார். மூன்றும் ஒரே மாதிரி. மாரிக்கனி அதைக் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் கவனிக்காமலிருக்கிற சொகுசு அவளுக்கு இன்னும் வாய்த்ததில்லை.

"இதுக்கு வழி இருக்குதுங்களா?" என்று ருக்குமணி கேட்டார்.

மாரிக்கனி டம்ளரைக் கீழே வைத்தாள். வழி இருந்தது. அதைச் சொன்னால் வேலை போகலாம். மாசாமாசம் சாத்தூருக்குப் போகிற பணமும் கூடவே போகும்.

"சில விஷயத்தை நாங்களா சொல்லக்கூடாதும்மா. நீங்க கேட்டா மட்டும்தான் பதில் சொல்லலாம்."

அந்தம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, கேக்கறன். அந்த நடை யாருது?"

"சட்டப்படி பார்த்தா, நடந்து காட்டினவருடையது."

"அத அவரு திருப்பிக் கேட்டா?"

"கொடுத்தாகணும். அழிச்சிட்டு, மிஷினுக்குப் புதுசா சொல்லிக்கொடுக்கணும்."

"இதுவரைக்கும் யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

"இல்ல. அப்படிக் கேட்கலாம்னே அவங்களுக்குத் தெரியாது."

"எங்க கேக்கறது?"

மாரிக்கனி அந்த நம்பரைச் சொன்னாள். பேசுவது எல்லாம் பதிவாகிற நம்பர். பதிவாகிவிட்டால் கம்பெனியால் இல்லையென்று சொல்ல முடியாது. ருக்குமணி போனை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, இன்னாசி கையில் கொடுத்தார். ஒரு பெண் குரல் வந்தது, என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. இன்னாசி மாரிக்கனியைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் வாயில் போட வேறொருவர் வார்த்தை எதுவும் வேண்டாம்.

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நான் இன்னாசி. டிரைவர். சூலூர் மைதானத்துல உங்களுக்கு நடந்து காட்டுனேன். அது திருடன் நடை இல்லம்மா, என் நடை. அதத் திருப்பிக் குடுத்துருங்க."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், பதிவாகிவிட்டது ஐயா என்றது.

அரைமணி நேரத்துக்குள் ரகோத்தமன் கூப்பிட்டார். மாரிக்கனியை இல்லை, நேராக ருக்குமணியை. எங்கள் ஊழியர் உங்கள் டிரைவரைத் தூண்டிவிட்டாரா என்று தேன் தடவிய குரலில் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், மாரிக்கனி அன்றே வீட்டுக்குப் போயிருப்பாள். பெரியவர்களுக்குப் பெரியவர்களைக் காப்பாற்றித்தான் பழக்கம் என்பதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பையை மூடிக்கொண்டு தயாராக நின்றாள்.

"தூண்டறதா? நானுங்க கேட்டேன். அந்தப் பொண்ணு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுச்சு" என்றார் ருக்குமணி. "உங்க மத்த ரெண்டு ஆளும் கேட்டதுக்குக்கூடச் சொல்லல. அதப்பத்தி வேணும்னா பேசலாம், வாங்க."

ரகோத்தமன் வரவில்லை.

"நன்றிம்மா" என்றாள் மாரிக்கனி. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. முதுகு நேராகவே இருந்தது.

"எனக்கு எதுக்குங் கண்ணு? நாளைக்குக் காலைல கணபதிக்குப் போகோணும், எனக்கு டிரைவர் வேணும், அவ்வளவுதான்." அந்தம்மா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார்.

அழித்து முடிக்கக் கம்பெனிக்குச் சில நாள் ஆகும். அதுவரை கார்கள் கத்தத்தான் செய்யும். ஆனால் செயலாளர் வைத்த கெடு அன்று சாயங்காலம். மூவரும் நடந்தே அவர் வீட்டுக்குப் போனார்கள். இன்னாசி நடுவில், இரண்டு பெண்களும் இரண்டு பக்கம். தெருவில் நின்ற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊளையிட்டன. ஜன்னல்கள் திறந்தன. ருக்குமணி ஒவ்வொரு ஜன்னலுக்கும் நின்று, இந்த மிஷினுக்குத் திருடனைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே நம்ம இன்னாசிதானுங்க, அதான் குருவைப் பார்த்துச் சத்தம் போடுது என்று விளக்கிக்கொண்டே வந்தார். யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பாகவே இருந்தது.

செயலாளர் முரளிதரன் வாசலில் நின்று முழுதும் கேட்டார். ருக்குமணியின் போனிலும் பதிவாகியிருந்த அந்தப் பேச்சை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சரி, வந்துபோகட்டும் என்றார். மாரிக்கனிக்கு அது போதவில்லை, வாயைத் திறக்கப் போனாள். இன்னாசி அவள் முழங்கையைத் தொட்டார்.

"விடும்மா. இம்புட்டு நாளா அது எதுக்குக் கத்துதுன்னு தெரியாம இருந்தேன்ல, அதுதாம்மா நோவு. இப்ப கத்துனா கத்திட்டுப் போகுது."

கத்துகிற கார்களுக்கு நடுவே அவர் திரும்பி நடந்தார். தலை நிமிர்ந்திருந்தது. கை விரியவில்லை.

அதன் பிறகு நடந்தது மாரிக்கனி எதிர்பார்க்காதது. இன்னாசி ஸ்டாண்டில் விஷயத்தைச் சொன்னார். அன்று மைதானத்துக்குப் போன டிரைவர்கள் ஆளாளுக்கு அந்த நம்பருக்குப் போன் போட்டார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள், ஒருவர் பிரியாணிக்கு வேண்டுமானால் காசைத் திருப்பித் தருகிறேன் என்றாராம். திருடன் பக்கத்து மூல நடைகள் அத்தனையும் போய்விட்டன. புதிதாக யாரை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று கம்பெனிக்குள் கூட்டம் மேல் கூட்டம். முடிகிறவரை கார்கள் பழையபடி, கதவை நெம்பினால் மட்டும் கத்தட்டும் என்று விட்டார்கள்.

அலாரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் வடவள்ளிக்குப் போனாள். போகத் தேவையில்லை, போனாள். இன்னாசி காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், டயரைத் தட்டினார். கார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் இன்னொரு சுற்று வந்தார். அதற்கு அவசியமே இல்லை. மூன்றாவது சுற்றில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மாரிக்கனி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஷப்னம் கூப்பிட்டாள். மூல நடைகளில் இன்னொரு பக்கமும் உண்டு என்றாள். சொந்தக்காரர் பக்கம். காரை நோக்கி நிமிர்ந்து, நேராக, தயங்காமல் வருகிறவர்கள். அதை அப்போது புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து எடுத்திருக்கிறார்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு.

"ஞாபகம் இருக்கா? சேர்ந்த புதுசுல பார்க்கிங்ல நடக்கவிட்டாங்களே. நீயும் இருக்கடி அதுல."

மாரிக்கனி நின்றுவிட்டாள். நிமிர்ந்து நடக்க அவள் கல்லூரியில்தான் கற்றுக்கொண்டாள். யாரும் கேள்வி கேட்காமல் ஒரு வாசலைக் கடப்பதற்காக, கண்ணாடி முன்னால் நின்று பழகிய நடை அது. இன்னாசிக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பட்டமும் ஒரு கழுத்து அட்டையும்தான். மைதானத்தில் அவரை நிறுத்திய அதே ஆட்கள், பார்க்கிங்கில் அவளை நிறுத்தி, இது சொந்தக்காரி என்று எழுதியிருக்கிறார்கள். அவள் மாதிரி நடப்பவர்கள் நல்லவர்கள் என்று இத்தனை நாளாக ஊர் முழுக்கக் கார்கள் நம்பிக்கொண்டிருந்தன.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது, வழக்கம்போல. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, என்னுடையதைக் கொடுத்துருங்க என்று ஒரு மனுஷன் கேட்டதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்ததே. எந்தக் கல்லூரியிலும் அவளுக்கு அது கிடைக்கவில்லை. இன்னாசிக்கு நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அந்த நம்பரை அழுத்தினாள்.

அதே பெண் குரல். பெயர் கேட்டது. சொன்னாள். என்ன வகை நடை என்று கேட்டது.

"சொந்தக்காரர்."

திரும்பப் பெறுவதற்குக் காரணம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அந்தக் குரல் கேட்டது. தூரத்தில் காந்திபுரம் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட கார் இல்லம்மா" என்றாள் மாரிக்கனி.